இணையத்தில் எல்லாம் இருக்கிறது... ஆசிரியருக்கு எது உதவும்?

புதுச்சேரி அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இருபது வருட அனுபவம். தமிழ்நாட்டுப் பாடநூல் அவருக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தில் எந்தப் படம், எந்தக் கேள்வி பொதுத்தேர்வில் திரும்பத் திரும்ப வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு கல்வியாண்டில் திடீரென்று கையில் வேறு புத்தகம். ஆங்கிலப் புத்தகம். பாட வரிசை வேறு, கேள்வி கேட்கும் விதம் வேறு. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளோ முத்தியால்பேட்டையிலும் வைத்திக்குப்பத்திலும் வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிறவர்கள்.

ஆசிரியர் கற்பனை. நிலைமை கற்பனை இல்லை. புதுச்சேரிக்கு என்று தனியாகப் பள்ளித் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹேக்குக் கேரளப் பாடத்திட்டம், ஏனாமுக்கு ஆந்திரப் பாடத்திட்டம் என்று பல வருடங்கள் ஓடியது. பிறகு அரசுப் பள்ளிகள் படிப்படியாக சி.பி.எஸ்.இ.க்கு மாறின. முதலில் ஆரம்ப வகுப்புகள், 2023-24-ல் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றும், 2024-25-ல் பத்தும் பன்னிரண்டும். 2025-ல் புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவர்கள் முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வை எழுதினார்கள்.

இந்த மாற்றம் சரியா தவறா என்பது பெரிய விவாதம். அது இங்கே வேண்டாம். அந்த ஆசிரியர் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாமே!"

இருக்கிறது என்பது உண்மை. பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பாதி உண்மை.

கூகிளாண்டவரின் வரம்

இரவு ஒன்பது மணிக்கு, வீட்டு வேலை எல்லாம் முடித்துவிட்டு, அந்த ஆசிரியர் கூகிளாண்டவரிடம் 'ஆஸ்மாசிஸ்' என்று கேட்கிறார். லட்சக்கணக்கில் பதில் வருகிறது. முதல் பக்கத்தில் டியூஷன் நிறுவனங்களின் விளம்பரம். அடுத்து அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கான கட்டுரை. அடுத்து இருபத்தைந்து நிமிட யூடியூப் காணொளி. அதில் முதல் மூன்று நிமிடம் சேனலுக்குச் சந்தா சேரச் சொல்லும் வேண்டுகோள். மறுநாள் நடத்த வேண்டியது நாற்பது நிமிட வகுப்பு. தேடுவதற்கே இரண்டு மணி நேரம் போனால், அந்த ஆசிரியர் மூன்றாவது நாள் தேட மாட்டார். கையேடு (கைடு) வாங்கிக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே ஆசிரியருக்குத் தேவை இன்னும் ஆயிரம் தளங்கள் இல்லை. இருப்பதில் எது வகுப்பறைக்குள் வரும் என்று பிரித்துப் பார்க்க ஒரு சல்லடை வேண்டும். நான்கு கேள்விகள் போதும்.

1. நடத்தப் போகும் பாடத்துக்கும் அந்த வகுப்பின் வயதுக்கும் பொருந்துகிறதா?
2. தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால் தமிழில் சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறதா?
3. இணைய இணைப்பு இல்லாத அறையில் பயன்படுமா?
4. நம் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றவும், பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்குக் கொடுக்கவும் அனுமதி இருக்கிறதா?

இந்த நான்கில் இரண்டாவதும் நான்காவதும்தான் எல்லோரும் மறந்துபோகிறவை. புதுச்சேரிக்கு அவைதான் முக்கியம்.

பழைய புத்தகத்தைப் பரணில் போடாதீர்கள்

சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கான அடிப்படைப் புத்தகம் என்.சி.இ.ஆர்.டி. வெளியிடுவது. அதன் தளத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை பாடநூல்களை அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத் தரவிறக்கலாம். அச்சுப் புத்தகம் பள்ளிக்கு வரத் தாமதமானாலும் பாடம் நிற்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புக்கு 2024-லும், ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 2025-லும் புதிய புத்தகங்கள் வந்திருப்பதால், பழைய பி.டி.எஃப்.பை வைத்துக்கொண்டு நடத்தாமல் இருக்கவும் அந்தத் தளத்தைப் பார்ப்பது நல்லது.

ஆனால் அங்கே பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில்தான். தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கத் தமிழ் வேண்டும். அது எங்கே இருக்கிறது? ஆசிரியர் இத்தனை வருடம் நடத்திய தமிழ்நாட்டுப் பாடநூலிலேயே இருக்கிறது!

2018 முதல் தமிழ்நாட்டில் வந்த புதிய பாடநூல்கள் நன்றாகவே எழுதப்பட்டவை. பக்கங்களில் க்யூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டவை. ஒரே பாடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் புத்தகமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதைவிட நல்ல அறிவியல் அகராதி கிடையாது. ஆஸ்மாசிஸ் என்றால் சவ்வூடு பரவல், ரிஃப்ராக்‌ஷன் என்றால் ஒளிவிலகல், ரெசிஸ்டன்ஸ் என்றால் மின்தடை. இந்தச் சொற்களோடு பாடமும் சேர்ந்தே கிடைக்கிறது. இதே பாடங்களைத் தமிழில் நடத்திக் காட்டும் காணொளிகள் கல்வித் தொலைக்காட்சியில் இருக்கின்றன (2019 ஆகஸ்டில் தொடங்கியது, கொரோனா காலத்தில் 2020-ல் பல வீடுகளில் அதுதான் பள்ளிக்கூடம்). 2023-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட மணற்கேணி செயலியில் அசைபடங்களோடு கூடிய பாடங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன.

பாடத்திட்டம் மாறியதும் 'இனி அது நமக்கு இல்லை' என்று பழைய புத்தகத்தைக் கட்டி வைத்துவிடுவது பெரிய இழப்பு. எல்லைக் கோடு பாடத்திட்டத்துக்குத்தான். சவ்வூடு பரவலுக்குக் கோரிமேட்டில் செக்போஸ்ட் கிடையாது.

வகுப்பில் இது எப்படி நடக்கும்? என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் உள்ள பத்தியை ஆங்கிலத்தில் படிக்கட்டும். பிறகு ஆசிரியர் தமிழில் கேட்கட்டும்: "வீட்டில் ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் பாத்திரத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மாங்காய் ஏன் சுருங்கியது?" பதிலைப் பிள்ளைகளே தமிழில் சொல்வார்கள். சொன்ன பதிலை ஆங்கிலத்தில் எழுத வைப்பது கடைசி வேலை. ஆங்கிலத்தில் தொடங்கி ஆங்கிலத்திலேயே முடித்தால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

மனப்பாடம் இப்போது மதிப்பெண்ணுக்கும் உதவாது. சி.பி.எஸ்.இ. வினாத்தாளில் பாதி அளவு கேள்விகள் திறன் சார்ந்தவை; ஒரு சூழ்நிலையைக் கொடுத்து யோசிக்கச் சொல்பவை. புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியை அப்படியே எதிர்பார்த்துப் போகும் பிள்ளை அங்கே திகைத்து நிற்கும். சி.பி.எஸ்.இ. தன் தளத்தில் ஒவ்வொரு வருடமும் மாதிரி வினாத்தாளையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் சேர்த்தே வெளியிடுகிறது. புதிதாக மாறிய பள்ளியில் ஆசிரியர்கள் முதல் வாரமே உட்கார்ந்து படிக்க வேண்டியது அதைத்தான். எந்த கைடும் அதற்கு ஈடாகாது.

தமிழ் விளக்கத்துக்கு இன்னொரு ஊற்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை அறிவியலைத் தமிழிலேயே படிக்க முடிகிறது. அந்நாட்டுக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்ப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சொற்கள் கொஞ்சம் வேறு: நாம் வேதியியல் என்பது அங்கே இரசாயனவியல், இயற்பியல் என்பது பௌதிகவியல், ஆக்சிஜன் என்பது ஒட்சிசன். பழகிவிட்டால் தடையில்லை. ஒரே கருத்தை இரண்டு விதமாகத் தமிழில் சொல்லிப் பார்க்க ஆசிரியருக்கு அது நல்ல துணை.

செய்து பார்க்க வைப்பவை

அறிவியலும் கணக்கும் பார்த்துப் படிப்பதை விடச் செய்து படிப்பது. இதற்கு உதவும் நல்ல தளங்களை விரல் விட்டு எண்ணலாம்.

முதலாவது, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃபெட்'. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. திரையிலேயே பேட்டரி, கம்பி, பல்பு எடுத்து மின்சுற்று கட்டலாம். மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் குறைவது கண் முன்னால் தெரியும். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்ததால் பல சோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு மின்சாரப் பாடத்தில் ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பு பத்து நிமிடம் இதைக் காட்டினால், சூத்திரத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது 'ஜியோஜிப்ரா'. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001-ல் மாணவராக இருந்தபோது தொடங்கியது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180-ஐ விட்டு நகராது. நூறு முறை இழுத்துப் பார்த்த பிள்ளைக்கு நிரூபணம் எதற்கு என்று புரியும்.

மூன்றாவது 'ஓலேப்ஸ்'. அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இணைய ஆய்வகம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சி.பி.எஸ்.இ. செய்முறைகளை ஒட்டியே அமைந்தது. ஆய்வகத்தில் பொருள் பற்றாத பள்ளிக்கு முன்னோட்டமாக உதவும். (ஆய்வகத்துக்குப் பதிலாக அல்ல. அமிலத்தின் நெடி திரையில் வராது.)

நான்காவதற்குத் திரையே வேண்டாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா வாழ்நாள் முழுவதும் குப்பையிலிருந்து பொம்மை செய்தவர். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய தளத்தில் நூற்றுக்கணக்கான செய்முறைகள் படங்களாகவும் குறும்படங்களாகவும் இலவசமாக உள்ளன. தமிழ் உட்படப் பல மொழிகளில். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் இருந்தால் போதும். முக்கோணம் அசையாமல் நிற்கும், சதுரம் சாய்ந்துவிடும். பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணச் சட்டம் வைக்கிறார்கள் என்பதற்கு இதை விட மலிவான பாடம் உலகத்திலேயே இல்லை. செலவு ஐந்து ரூபாய். ஆசிரியர் இணையத்தைப் பார்ப்பது முந்தைய நாள் வீட்டில் மட்டும். வகுப்பில் மின்சாரம் போனாலும் பாடம் நிற்காது!

வாசிக்க வைப்பவை

ஆரம்ப வகுப்புகளின் முதல் தேவை கதைப் புத்தகம். பாடநூல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வாசிக்கக் கற்றதில்லை. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழில் ஏராளமான படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. தரவிறக்கலாம், அச்சடிக்கலாம். அதற்கும் மேலே ஒரு வசதி: கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் ஆசிரியரே மொழிபெயர்க்கலாம், சொற்களை மாற்றலாம். ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து வாசிக்க வைக்கலாம். ஆங்கிலத்துக்கு மாறும் பிள்ளைக்கு இது மிக நல்ல ஏணி.

தமிழாசிரியர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல் முதல் பாரதிதாசன் வரை தன்னார்வலர்கள் கையால் தட்டச்சு செய்த நூலகம். 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்கும் தளத்தில் உரைகளும் அகராதிகளும் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சொல் சொல்லாகத் தேடலாம். பிரெஞ்சு எடுக்கும் ஆசிரியர்களுக்கு (புதுச்சேரியில் அவர்களை மறக்கலாமா?) டிவி5மோந்த் தளத்தின் பாடங்கள் நிலை வாரியாக, பயிற்சிகளோடு, இலவசமாகக் கிடைக்கின்றன.

ஊரே பாடம்

தேசியப் பாடநூலில் நம் ஊர் வராது. வந்தாலும் ஒரு பத்தி. இந்தியா முழுவதற்கும் எழுதும் புத்தகத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் வகுப்பு ஆசிரியர் ஒருவர்தான். அதற்கு வேண்டிய மூலங்கள் இணையத்தில் கிடக்கின்றன.

அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளலாம். நகரிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். ரோமானிய மட்பாண்டங்கள், மது ஜாடித் துண்டுகள் கிடைத்த விவரத்தை 1946-ல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் வரைபடங்களோடு வெளியிட்டார். அந்த இதழின் படியை இணையத்தில் பார்க்கலாம். அதிலுள்ள ஒரு படத்தை மட்டும் அச்சடித்து வகுப்பில் கொடுத்து, "இந்த ஜாடி இங்கே எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டால் போதும்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இன்னொன்று. துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்தவர் 1736 முதல் 1761 வரை எழுதியது. கப்பல் வந்த சேதி, சண்டைச் சேதி, ஊர் வம்பு எல்லாம் அதில் உண்டு. 1904-லிருந்து 1928-க்குள் வெளியான அதன் ஆங்கில மொழிபெயர்ப்பின் பன்னிரண்டு தொகுதிகளும் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக உள்ளன. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் 'காலிகா' தளத்தில் பழைய புதுச்சேரி வரைபடங்கள் இருக்கின்றன. அந்த வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துத் தங்கள் தெருவைத் தேடச் சொன்னால் பிள்ளைகள் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். கடற்கரைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கியது என்பதும், புதுச்சேரியின் சைவ ஓலைச்சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தன என்பதும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

புவியியலுக்கு ஃபெஞ்சல் புயலை விட்டால் வேறு உதாரணம் எதற்கு? 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நகர்ந்து போகாமல் அங்கேயே பல மணி நேரம் நின்றதால் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. முழங்கால் தண்ணீரில் நடந்த பிள்ளைகளுக்குப் புயல் என்றால் என்ன என்று வரையறை சொல்லத் தேவையில்லை. நாசாவின் 'வேர்ல்டுவியூ' தளத்தில் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தால் மேலிருந்து எடுத்த படம் வரும். இந்திய வானிலைத் துறையின் தளத்தில் புயல் அறிக்கைகள் உண்டு. பிறகு ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டர் இடத்தில் 40 செ.மீ. மழை என்றால் 400 லிட்டர். ஐம்பது சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20,000 லிட்டர். "இந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போயிற்று? ஏன் போகவில்லை?" புவியியல், கணக்கு, குடிமையியல் மூன்றும் ஒரே வகுப்பில் முடிந்தது.

இணைப்பு இல்லாவிட்டால்?

நியாயமான கேள்வி. வகுப்பறையில் ஸ்மார்ட் போர்டு இருக்கும், இணைப்பு இருக்காது. அல்லது இரண்டும் இருந்து மின்சாரம் இருக்காது. ஆசிரியர் தன் கைபேசி டேட்டாவைச் செலவழித்துத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு முறை தரவிறக்கினால் போதும். பாடநூல், கதை, வரைபடம் எல்லாம் பி.டி.எஃப். அல்லது படம். ஜியோஜிப்ராவைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். 2003-ல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட தமிழ் விக்கிபீடியாவையே 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருள் மூலம் முழுமையாக இறக்கி, இணைப்பே இல்லாமல் படிக்கலாம். பள்ளியில் ஒரு கணினியும் ஒரு பென் டிரைவும் இருந்தால் அதுதான் நூலகம். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் நிரப்பிக் கொண்டுவந்தால் மற்ற எல்லோருக்கும் ஆயிற்று.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வினாக்கள் தயாரித்துக் கொடு என்றால் நொடியில் கொடுக்கிறது, தமிழிலும் கொடுக்கிறது. ஆசிரியரின் நேரம் மிச்சம்தான். ஆனால் தவறையும் அதே நம்பிக்கையோடு சொல்லும். கலைச்சொல்லைத் தானே புதிதாக உண்டாக்கிவிடும். விடை தெரிந்த ஆசிரியர் கையில் அது நல்ல வேலையாள். விடை தெரியாதவர் கையில் ஆபத்து.

இலவசம் வேறு, உரிமை வேறு

நான்காவது கேள்விக்கு வரலாம். ஆசிரியர்களின் வாட்ஸப் குழுக்களில் தினமும் நூறு பி.டி.எஃப். சுற்றுகிறது. யார் எழுதியது, எந்த வருடத்துப் பாடம், சரியா தப்பா, ஒன்றும் தெரியாது. ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்த வினாத்தாளின் தலைப்பை வெட்டிவிட்டு இன்னொருவர் தன் பெயரைப் போடுகிறார். அடுத்த முறை அவர் ஏன் பகிர்வார்?

இதற்குத்தான் திறந்த கல்வி வளம் என்ற கருத்து வந்தது. 2002-ல் யுனெஸ்கோ கூட்டம் ஒன்றில் பிறந்த சொல் அது. 2019-ல் யுனெஸ்கோ உறுப்பு நாடுகள் இதற்கென ஒரு பரிந்துரையையே ஏற்றன. வழி எளிது. தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டும். பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், திரும்பப் பகிரலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் அடிப்படை வடிவம் இவ்வளவுதான். அடிக்குறிப்பாக ஒரு வரி போட்டால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், பலர் கவனிக்காதது: எழுத்துரு. ஆசிரியர்களின் பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. வேறு கணினியில் திறந்தால் கோழி கிளறியது போல் வரும். கூகிளில் தேடினாலும் அகப்படாது. அதே உழைப்பை ஒருங்குறியில் (யூனிகோடு) செய்திருந்தால் இன்று தமிழ் உலகம் முழுவதற்கும் கிடைத்திருக்கும். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே உள்ளன. ஒரு மாலை வேலை.

யார் செய்ய வேண்டும்?

மத்திய அரசின் 'திக்‌ஷா' தளம் 2017 செப்டம்பர் 5-ல், ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. பெரிய களஞ்சியம். ஆனால் தில்லியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புதுச்சேரிப் பிள்ளையின் தடுமாற்றம் தெரியாது. ஆங்கிலப் புத்தகத்தின் எந்த வரியில் அவன் நிற்கிறான், எந்தச் சொல்லைத் தமிழில் சொன்னதும் அவன் கண் மலர்கிறது என்பது வகுப்பில் நிற்பவருக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவு இன்று எங்கேயும் பதிவாகவில்லை. ஆசிரியர் ஓய்வு பெறும்போது அவரோடு போய்விடுகிறது.

ஆகவே உருப்படியான யோசனை ஒன்று. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் அந்த அத்தியாயத்தின் ஆங்கிலச் சொற்களும் தமிழ்ச் சொற்களும், தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அதே பாடம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும். இரண்டாம் பக்கத்தில் வகுப்பில் பயன்பட்ட ஒரு செய்முறை, ஒரு காணொளி, பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஒருங்குறியில், எழுதியவர் பெயரோடு, திறந்த உரிமத்தில். ஒரு ஆசிரியர் வருடத்துக்கு இரண்டு பாடம் எழுதினாலே போதும். சில வருடங்களில் ஆறிலிருந்து பத்து வரை எல்லாப் பாடமும் முடிந்துவிடும். அடுத்த வருடம் புதிதாக வேலைக்கு வரும் இளம் ஆசிரியர் இரவு ஒன்பது மணிக்குக் கூகிளில் தவிக்க வேண்டியதில்லை.

கல்வித்துறை இதற்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. எழுத ஆசிரியருக்கு நேரம் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பு, தேர்தல் வேலை, படிவம் நிரப்புதல் எல்லாம் பணியாகக் கணக்கில் வருகிறது. பாடக்குறிப்பு எழுதிப் பகிர்வது மட்டும் ஏன் வரக் கூடாது? பயிற்சி முகாமில் மூன்று நாள் பவர்பாயின்ட் பார்ப்பதை விட, மூன்று நாள் சேர்ந்து உட்கார்ந்து பத்துப் பாடங்களுக்கு இப்படி எழுதினால் பலன் கையில் நிற்கும்.

புதுச்சேரிக்கு இது புதிதும் இல்லை. பாவேந்தர் பாரதிதாசன் 1909-ல் தமிழாசிரியராக வேலையில் சேர்ந்து 1946 வரை ஆசிரியராகவே இருந்தவர். பிரெஞ்சு ஆட்சிப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் எழுதியவர். அன்று பாடம் வந்தது பாரீசிலிருந்து, இன்று வருவது தில்லியிலிருந்து. நடுவில் நின்று அதைப் பிள்ளையின் மொழியில் சேர்ப்பவர் அன்றும் இன்றும் ஆசிரியர்தான். இணையம் அவருக்கு நல்ல கருவி. நாற்பது நிமிட வகுப்பை நடத்தப் போவது அவர்தான். அவர் எழுதி வைக்கும் இரண்டு பக்கத்தை விடப் பயனுள்ள தளம் இன்னும் வரவில்லை.